குப்பைமேட்டுக்குப் போகும் முன்பே பறந்துவிடும் தழைச்சத்து

மஞ்சள் கரைத்த நீரில் ஒரு வெள்ளைத் தாளை நனைத்து நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக் கொட்டகையில் மூத்திரம் ஊறிய தரைமீது ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன் உட்புறத்தில் அந்தத் தாளின் துண்டு ஒன்றைச் சற்று ஈரமாக்கி ஒட்டிவிட்டால், சிறிது நேரத்தில் மஞ்சள் நிறம் மாறிச் செம்பழுப்பாகிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேரும்போது நேர்வதும் இதே மாற்றந்தான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். கொட்டகைத் தரையில் சுண்ணாம்பு எதுவும் கிடையாது. தாளைச் சிவக்க வைத்த காரம் காற்று வழியாக வந்த அம்மோனியா. தாளை வெளியே எடுத்து உலரவிட்டால் நிறம் மங்கித் திரும்பவும் மஞ்சளாகும். தாளில் ஏறியிருந்த அம்மோனியாவும் காற்றோடு போய்விட்டது என்பதே அதற்குப் பொருள். எருவிலிருந்து தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அம்மோனியாவாக வெளியேறுவதும் இப்படித்தான், எடையில் வேறுபாடு தெரியாமல், கண்ணுக்கு எதுவும் புலப்படாமல் நடக்கிறது. மூக்குக்கு மட்டுமே தெரிகிறது. அதையும் நாம் மாட்டு வாடை என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

மாடு தின்னும் தீவனத்திலுள்ள தழைச்சத்தில் பாலாகவும் உடலாகவும் மாறுவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியே வருகிறது. இந்த இரண்டும் ஒன்றல்ல. சாணத்திலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி செரிக்காத நார், குடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் உடல் ஆகியவற்றோடு பின்னிப் பிணைந்தது. அது அவசரப்பட்டு எங்கும் போகாது, மாதக்கணக்கில் மட்கி மெல்ல வெளிவரும். மூத்திரத்திலுள்ளதோ பெரும்பாலும் யூரியா, அதாவது கடையில் மூட்டையாக வாங்கும் அதே யூரியா. தீவனத்தில் புரதம் கூடக் கூட, உடலுக்கு வேண்டாத பகுதி சாணத்தில் போகாமல் மூத்திரத்தில்தான் போகிறது. ஆகையால் காற்றில் போகும் அம்மோனியாவின் பிறப்பிடம் சாணமல்ல, மூத்திரம். நம் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. சாணத்தைக் கூடையில் அள்ளிக் குப்பைமேட்டில் பத்திரமாகச் சேர்க்கிறோம். மூத்திரத்தை வாய்க்கால் வெட்டி வெளியே விடுகிறோம், இல்லாவிட்டால் தரையே குடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

இதன் அளவை ஒரு கணக்கில் பார்க்கலாம். மாட்டு மூத்திரத்தில் தழைச்சத்து சுமார் 1 விழுக்காடு என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகள் எடுத்துக்கொள்கின்றன. ஒரு மாடு நாளொன்றுக்கு 6 லிட்டர் கழிக்கிறது என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 2,190 லிட்டர், அதில் ஏறத்தாழ 22 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது 46 விழுக்காடு, அதாவது 20.7 கிலோ. ஆக, ஒவ்வொரு மாட்டுக்கும் ஆண்டுக்கு ஒரு மூட்டை யூரியா கொட்டகைத் தரையில் ஊற்றப்படுகிறது. அதில் எவ்வளவு பயிரைச் சேர்கிறது என்பது அடுத்த சில மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மணி நேரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. யூரியா தானாக ஆவியாகாது. ஆனால் சாணத்திலும் மண்ணிலும் யூரியேஸ் என்ற நொதி எங்கும் நிறைந்திருக்கிறது. மூத்திரம் சாணம் படிந்த தரையில் விழுந்தவுடன் இந்த நொதி யூரியாவை உடைத்து அம்மோனியம் கார்பனேட்டாக மாற்றத் தொடங்குகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஓரிரு நாளுக்குள் வேலை முடிந்துவிடும். (நொதி ஒன்றை முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுத்துக் காட்டிய பெருமையும் இந்த யூரியேஸுக்குத்தான். 1926இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர் அதை எடுத்தது நம் தம்பட்டங்காயின் நெருங்கிய உறவான ஓர் அவரை விதையிலிருந்து. 1946இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.) அம்மோனியம் கார்பனேட்டு காரத்தன்மை உடையது, அது சேரச்சேரத் தரையிலுள்ள ஈரத்தின் பி.எச். அளவு (புளிப்பா காரமா என்று காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) ஏறிக்கொண்டே போகிறது.

அம்மோனியம் நீரில் கரைந்த உப்பு. மண்ணின் களித்துகள்கள் அதைப் பிடித்து வைக்கும், வேர் அதை உறிஞ்சும், அது பறக்காது. அம்மோனியா வாயு, பறக்கும். ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும், எது எவ்வளவு என்பதை முடிவு செய்வது பி.எச். அளவு. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7ஆக இருந்தால் மொத்தத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே வாயு நிலையில் இருக்கும். 8ஆனால் 5 விழுக்காடு. 9ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வெப்பம் 10 டிகிரி கூடினால் வாயுப் பங்கு ஏறத்தாழ இரட்டிக்கும். காற்று வீசினால் மேலே வந்த வாயு உடனுக்குடன் அகற்றப்பட்டு அடுத்தது கிளம்பும். எனவே அம்மோனியா இழப்பைக் குறைக்க உலகில் எங்கே என்ன செய்தாலும், அது இந்த நாலைந்து வாயில்களில் ஒன்றை அடைக்கும் வேலைதான்: புளிப்பாக்குவது, குளிர்வாக வைப்பது, காற்றுப் படாமல் மூடுவது, வேறு பொருளோடு பிணைப்பது, விரைவாக மண்ணுக்குள் தள்ளுவது.

குப்பைமேட்டில் நடப்பது

ஊர்ப்புறத்தில் எருவுக்குக் குப்பை என்பதே பெயர். கொட்டகையிலிருந்து தினமும் அள்ளும் சாணம், கூட்டிய கூளம், மாடு கழித்த வைக்கோல், அடுப்புச் சாம்பல் எல்லாம் ஒரே மேட்டில் போய்ச் சேரும். ஆண்டுக்கு ஒருமுறை, கோடை மழைக்கு முன்போ ஆடிப்பட்டத்துக்கு முன்போ, அது வண்டியிலோ டிப்பரிலோ ஏறிக் காட்டுக்கு, அதாவது விளைநிலத்துக்கு, போகும். நன்கு மட்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து 0.5 விழுக்காடு என்று பாடநூல்கள் சொல்கின்றன. சாணமும் மூத்திரமும் முழுமையாகச் சேர்ந்து காக்கப்பட்டிருந்தால் இந்த எண் இவ்வளவு சிறிதாக இராது. வெயிலில் காய்ந்து மழையில் கழுவப்பட்டு ஓராண்டு கிடந்த எருவில் எஞ்சியிருப்பது பறக்க முடியாதவை மட்டுமே.

இங்கே அடுப்புச் சாம்பலைத் தனியே எடுத்துப் பேச வேண்டும், ஏனெனில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தீங்கு அது. சாம்பலில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) இருக்கிறது, வீணாக்கக் கூடாது என்பது சரியே. ஆனால் விறகுச் சாம்பல் கடுங்காரம். ஈரச் சாணத்தின்மீதோ மூத்திரம் ஊறிய மண்ணின்மீதோ அதைக் கொட்டினால், கொட்டிய இடத்தில் பி.எச். ஏறி, இருக்கும் அம்மோனியமெல்லாம் வாயுவாகிக் கிளம்பும். அம்மோனியம் சல்பேட்டு உரத்தில் ஒரு சிட்டிகையோடு வெற்றிலைச் சுண்ணாம்பைச் சேர்த்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால், என்ன நடக்கிறது என்பது சொல்லாமலே விளங்கும். சாம்பலைத் தனிச் சாக்கில் சேர்த்து, எருவோடு கலக்காமல், வேறொரு நாளில் நேரே நிலத்தில் தூவுவதே முறை. வாடை போகட்டும் என்று எருக்குழியில் சுண்ணாம்பு தெளிப்பதும் இதே வகைப் பிழை: வாடை சில நாளில் போய்விடும், உண்மைதான், ஆனால் வாடையாக இருந்ததுதான் உரம்.

மேட்டுக்கு மாற்றாகக் குழி என்ற யோசனை புதிதல்ல. வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறையில் குழி 6 முதல் 7.5 மீட்டர் நீளமும், 1.5 முதல் 2 மீட்டர் அகலமும், 1 மீட்டர் ஆழமும் கொண்டது. மூத்திரம் உறிஞ்சிய கூளத்தையும் மண்ணையும் சாணத்தையும் ஒரு முனையிலிருந்து அடுக்கிக்கொண்டே வந்து, தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை உயர்ந்ததும் கவிகை போலத் திரட்டிச் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசி மூடிவிட வேண்டும். நான்கைந்து மாதத்தில் எரு ஆயத்தமாகும். இந்த முறையின் உயிர் குழியின் அளவில் இல்லை; மூத்திரம் உறிஞ்சிய கூளம் என்ற சொற்களிலும் கடைசிப் பூச்சிலும் இருக்கிறது. நடைமுறையில் பலர் குழியை வெட்டிவிட்டுக் கூளத்தையும் பூச்சையும் விட்டுவிடுகிறார்கள். அப்போது அது பள்ளத்தில் இருக்கும் மேடு, அவ்வளவே.

கூளத்தின் வேலை ஈரத்தை உறிஞ்சுவது மட்டுமன்று. நுண்ணுயிர்கள் தங்கள் உடலைக் கட்டத் தழைச்சத்தைப்போல் பல மடங்கு கரிமம் (கார்பன்) கேட்கும். 25 முதல் 30 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்பது மட்குக்கு உகந்த விகிதம். கரிமம் குறைந்தால் நுண்ணுயிர்களால் அம்மோனியத்தைப் பிடித்துவைக்க முடியாது, மிஞ்சியது பறக்கும். நெல் வைக்கோலும் சோளத்தட்டையும் கரிமம் மிகுந்தவை, ஆனால் மாட்டுக்குத் தீவனமாகும் வைக்கோலை யாரும் மாட்டுக்கடியில் போடமாட்டார்கள். பொள்ளாச்சிப் பக்கம் மலைபோல் குவிந்து கிடக்கும் தென்னைநார்க்கழிவு இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானது. தன் எடையைப்போல் பல மடங்கு நீரைக் குடிக்கும், கரிமம் மிகுதி, இயல்பிலேயே சற்றுப் புளிப்பு. கொட்டகையின் சரிவு முடியும் இடத்தில் ஒரு சாண் ஆழப் பள்ளம் எடுத்து நார்க்கழிவை நிரப்பிவைத்து, வாரம் ஒருமுறை அதை எடுத்துக் குழியில் போட்டுப் புதிதாக நிரப்பினால், மூத்திரத்தின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். வாய்க்கால் வெட்டும் செலவைவிட இது குறைவு.

ஜிப்சம் தூவுவது இன்னொரு வழி. அம்மோனியம் கார்பனேட்டும் ஜிப்சமும் ஈரத்தில் சேர்ந்தால் அம்மோனியம் சல்பேட்டும் சுண்ணாம்புக்கல் மாவும் உண்டாகும். அம்மோனியம் சல்பேட்டு பறக்காது. விடுதலைக்குப் பிறகு இந்தியா கட்டிய முதல் பெரிய உரத் தொழிற்சாலையான சிந்திரி, 1951இல் உற்பத்தியைத் தொடங்கியது இதே வேதிமாற்றத்தை வைத்துத்தான். கொட்டகைத் தரையில் ஒரு கை ஜிப்சத்தை வீசுகிறவர் அந்தத் தொழிற்சாலையின் வேலையைச் சிறிய அளவில் செய்கிறார். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: ஈரம் இருக்கும்வரைதான் இந்த மாற்றம் நமக்குச் சாதகம். முற்றக் காய்ந்துவிட்டால், உண்டான சுண்ணாம்புக்கல் மாவே அம்மோனியத்தைத் திரும்ப விரட்டத் தொடங்கும். ஜிப்சம் போட்டுவிட்டு எருவை வெயிலில் பரப்பி உலர்த்துகிறவர் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குகிறார்.

சூப்பர் பாஸ்பேட்டு என்ற மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரம் ஜிப்சத்தைவிட மேலானது, ஏனெனில் அதில் ஜிப்சமும் உண்டு, புளிப்புத் தன்மையுள்ள பாஸ்பேட்டும் உண்டு. மானாவாரிப் பயிர்களுக்கு எக்டருக்கு 750 கிலோ ஊட்டமேற்றிய தொழுவுரம் இடுங்கள் என்ற பரிந்துரையைத் தமிழ்நாட்டு உழவர்கள் அறிவார்கள். தொழுவுரத்தோடு சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து ஒரு மாதம் காற்றுப் புகாமல் மூடிவைத்து இடுவது அது. மணிச்சத்து மண்ணில் கட்டுண்டு போகாமல் பயிருக்குக் கிடைக்கட்டும் என்பதே அதன் முதன்மை நோக்கம். தழைச்சத்து தங்குவது கூடுதல் பயன். ஆனால் மட்கி முடிந்த எருவில் கலப்பதைவிட, அதே சூப்பர் பாஸ்பேட்டில் ஒரு பகுதியைப் பச்சை எரு சேரும்போதே குழியில் அடுக்கடுக்காகத் தூவினால் அம்மோனியாவைப் பொறுத்தவரை பயன் பல மடங்கு. பறவை பறந்தபின் கூண்டைச் சாத்தி என்ன பயன்?

மட்கைப் புரட்டுவது பற்றி ஒரு சொல். விரைவில் மட்க வேண்டும் என்று வாரந்தோறும் புரட்டச் சொல்வதுண்டு. உள்ளே 60 டிகிரிவரை சூடேறிய குவியலைப் புரட்டும்போது எழும் ஆவியில் நீரோடு அம்மோனியாவும் இருக்கிறது. களை விதையும் நோய்க்கிருமியும் சாக அந்தச் சூடு தேவைதான். ஆகவே புரட்டவே கூடாது என்று சொல்வதற்கில்லை. கரிமப் பொருள் போதிய அளவு சேர்ந்திருந்தால் இரண்டு மூன்று புரட்டல் போதும், மேலே ஒரு சாண் உயரத்துக்குப் பழைய மட்கைப் போர்த்தினால் எழும் வாயுவில் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்ளும்.

ஐரோப்பாவின் வழி ஏன் அப்படியே பொருந்தாது

இந்தத் துறையில் மிகுதியாக ஆய்வும் சட்டமும் செய்தவை வட ஐரோப்பிய நாடுகள். அங்கே சாணமும் மூத்திரமும் கழுவுநீரும் ஒன்றாகக் கலந்து குழம்பாகத் தொட்டிகளில் மாதக்கணக்கில் சேமிக்கப்படுகின்றன. பனிக்காலம் முழுதும் நிலத்தில் எரு இட முடியாது. மாடுகளும் கொட்டகையைவிட்டு வெளியே வருவதில்லை. குளிரும் மேலே படியும் ஏடும் சேர்ந்து தொட்டியில் இழப்பைக் குறைக்கின்றன. ஏடு படிந்தாலே 40 விழுக்காடு குறையும் என்று ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் வழிகாட்டி மதிப்பிடுகிறது. ஆகவே அவர்களுடைய எருவில் அம்மோனியம் பெருமளவு தங்கியபடியே வயல்வரை வந்து சேர்கிறது. அங்கே அதை விசிறித் தெளிக்கும்போதுதான் பேரிழப்பு. நிலத்தில் இட்டபின் நேரும் இழப்பில் பாதியளவு முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். உடனே உழுது மூடினால் இழப்பில் 90 விழுக்காடு தவிரும், நான்கு மணி நேரம் கழித்து என்றால் 45 முதல் 65 விழுக்காடு, ஒரு நாள் கழித்து என்றால் வெறும் 30 விழுக்காடு என்கிறது அதே வழிகாட்டி.

அதனால் அவர்களது சட்டங்கள் வயலைக் குறிவைத்தன. நெதர்லாந்து 1990களின் தொடக்கத்திலிருந்தே மண்ணுக்குள் செலுத்தும் முறையை வற்புறுத்தி வருகிறது. ஜெர்மனியில் 2025 பிப்ரவரி முதல், பயிரில்லாத உழவு நிலத்தில் எருக்குழம்பை இட்டால் ஒரு மணி நேரத்துக்குள் மண்ணோடு கலந்தாக வேண்டும். முன்பு அது நான்கு மணி நேரமாக இருந்தது. டென்மார்க்கில் கந்தக அமிலத்தைச் சேர்த்து எருக்குழம்பைப் புளிக்க வைக்கும் முறையும் வழக்கில் வந்தது. கந்தக அமிலத்தை நம் கொட்டகைகளுக்குப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை; நச்சு வாயு வெளியாகும் ஆபத்துள்ள அந்த வேலைக்கு முறையான கருவியும் பயிற்சியும் வேண்டும்.

ஆனால் ஜெர்மானிய விதியில் ஒரு விலக்கு இருக்கிறது, அதைத்தான் நாம் உற்றுக் கவனிக்க வேண்டும். மாடு, ஆடு, பன்றி போன்ற குளம்புள்ள விலங்குகளின் கட்டி எருவுக்கும் மட்குக்கும் அந்த ஒரு மணி நேரக் கெடு கிடையாது. கோழி எருவுக்கு உண்டு. காரணம் எளிது. கட்டி எருவில் பறக்கக்கூடிய அம்மோனியம் குறைவு, கோழி எருவில் மிகுதி. நம் குப்பையோ கட்டி எரு மட்டுமல்ல, மூத்திரம் சேராத, காய்ந்த கட்டி எரு. அதைக் காட்டில் கொட்டி நான்கு நாள் கழித்து உழுதாலும் அம்மோனியா வகையில் புதிதாகப் போவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ஏனெனில் போக வேண்டியது கொட்டகையிலும் மேட்டிலுமே போய் முடிந்துவிட்டது. ஐரோப்பியர் வயலிலிருந்து பின்னோக்கி வந்தார்கள். நாம் கொட்டகைத் தரையிலிருந்து முன்னோக்கிப் போக வேண்டும். எருவைச் செலுத்தும் விலையுயர்ந்த எந்திரத்தை மானியத்தில் கொடுப்பதைவிட, மூத்திரம் வழிந்தோடாத தரையும் மேலே ஒரு கூரையும் போட உதவுவது இங்கே கூடுதலாகத் தழைச்சத்தைக் காக்கும். மூத்திரத்தைச் சேமிக்கத் தொடங்கிய பிறகுதான் வயலில் விரைந்து மூடும் கேள்வியே நமக்கு முழு அளவில் எழும்.

சூடு தணிவது என்பது என்ன

இதற்கு விலக்காக, நம் நாட்டிலும் அம்மோனியம் வயல்வரை வருகிற எருக்கள் உண்டு. முதலாவது கோழி எரு. கோழி யூரியாவாகக் கழிப்பதில்லை, யூரிக் அமிலமாகக் கழிக்கிறது. எச்சத்தின்மேல் வெள்ளையாகத் தெரிவது அதுதான். இந்த வெள்ளைப் பகுதி காய்ந்திருக்கும்வரை எதுவும் ஆகாது. ஈரம் பட்டால் நுண்ணுயிர்கள் அதை உடைத்து யூரியாவாக்கி, அங்கிருந்து மேலே சொன்ன கதையே தொடரும். நாமக்கல் பகுதியின் முட்டைக்கோழிப் பண்ணைகளில் உயர்த்திக் கட்டிய கூண்டுகளுக்கு அடியில் எச்சம் மாதக்கணக்கில் கூம்பு கூம்பாகக் குவிந்து நிற்கும். குடிநீர்க் குழாயின் முனை ஒழுகும் இடத்தில் மட்டும் அந்தக் கூம்பு சரிந்து, கருத்து, கண்ணை எரிக்கும். காற்றில் அம்மோனியா பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் போனால் கோழியின் மூச்சுப்பாதை கெடும் என்பது பண்ணையாளர்கள் பொதுவாகக் கொள்ளும் வரம்பு. ஒழுகும் முனையை மாற்றுவது உரத்தைக் காக்கும் வேலை, கோழியைக் காக்கும் வேலையும் அதுவே. தீவனத்தில் புரதத்தைக் குறைத்து, குறைந்துபோகும் மெத்தியோனின், லைசின் ஆகியவற்றைத் தனியே சேர்ப்பது இன்னும் முந்திய இடத்தில் அடைக்கும் வழி. குடலுக்குள் மிகையாகப் போகாதது எச்சத்தில் வராது.

பண்ணையைவிட்டுப் புறப்படும்வரை காய்ந்த நிலையில் வந்த கோழி எரு, லாரியிலிருந்து காட்டோரம் இறங்கிய பிறகுதான் பெரும்பாலும் பாழாகிறது. புதிய கோழி எருவை அப்படியே இட்டால் மஞ்சளும் மரவள்ளியும் கருகும். ஆகவே சூடு தணியட்டும் என்று சொல்லித் திறந்தவெளியில் கொட்டி, ஒரு மழை இரண்டு மழை வாங்கவிட்டுப் பிறகு இறைப்பார்கள். அனுபவம் சொல்வது பொய்யில்லை. எரு கருக்குவது உண்மை, விட்டுவைத்தால் கருக்காமல் போவதும் உண்மை. ஆனால் அந்தச் சூடு என்பதில் பெரும்பங்கு அம்மோனியாவே. சூடு தணிந்தது என்றால், காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பகுதி காற்றோடு போனது என்று பொருள். திறந்து கிடக்கும் கோழி எச்சம் 30 நாளில் தன் தழைச்சத்தில் பாதியை இழந்துவிடும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் எச்சரிக்கிறது. சராசரியாக 3 விழுக்காடு தழைச்சத்துள்ள பொருள் அது, தொழுவுரத்தைப்போல் ஆறு மடங்கு.

இழக்காமலும் சூட்டைத் தணிக்க முடியும். தென்னைநார்க்கழிவோ நறுக்கிய வைக்கோலோ கலந்து கரிம விகிதத்தை 25 முதல் 30 வரை உயர்த்தி, நிழலில் ஈரப்பதத்தோடு மட்க வைத்தால், அம்மோனியத்தை நுண்ணுயிர்கள் தங்கள் உடலில் கட்டிக்கொள்ளும். இரண்டு மாதத்தில் கருக்காத எருவாகும். அதற்கு நேரமில்லாதவர் வேறு வழியில் போகலாம்: மழை படாமல் தார்ப்பாய் போட்டுக் காய்ந்தபடியே வைத்திருந்து, விதைப்புக்கு மூன்று நான்கு வாரம் முன்பு இறைத்து, இறைத்த அன்றே ரோட்டவேட்டரோ கொத்துக்கலப்பையோ ஓட்டி மூடிவிடுவது. காட்டில் குத்துக்குத்தாகக் கொட்டிவைத்து ஆள் கிடைத்ததும் கலைக்கலாம் என்று ஒரு வாரம் விடும் வழக்கம் தொழுவுரத்துக்குப் பெரிய கேடில்லை, கோழி எருவுக்கு அது ஆகாது.

இரண்டாவது, சாண எரிவாயுக் கலனிலிருந்து வரும் கழிவு. கலனுக்குள் நொதிக்கும்போது சாணத்தில் பிணைந்திருந்த தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியமாக விடுபடுகிறது, பி.எச். அளவும் சற்று ஏறுகிறது. அதாவது எடுத்தவுடன் பயன்படுத்தினால் பச்சைச் சாணத்தைவிட விரைந்து வேலை செய்யும். வெயிலில் காயவைத்தால் பச்சைச் சாணத்தைவிடக் கூடுதலாக இழக்கும். பல வீடுகளில் இது ஆழமில்லாத பள்ளத்தில் காய்ந்து, வெடித்து, பாளம் பாளமாக அள்ளப்படுகிறது. உலர்ந்த சருகு நிரம்பிய குழிக்குள் அதைப் பாய்ச்சுவதும், மாலை வேளையில் பாசன நீரோடு கலந்துவிடுவதும் இதைவிட மேல். நெல் வயலில் விடும்போது ஒரு கவனம் தேவை. நீரில் பாசி பெருகியிருந்தால், அது நண்பகலில் கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் நீரின் பி.எச். 9ஐத் தாண்டிப் போகும், இரவில் இறங்கும். நண்பகலில் விட்ட அம்மோனியம் அந்த நீரிலிருந்தே பறக்கும். நீரை மூடிப் படரும் அசோலா என்ற சிறு பெரணி, பாசிக்கு வெயில் கிடைக்காமல் செய்து இந்த ஏற்றத்தைத் தடுக்கிறது. அசோலா தழைச்சத்தை நிலைநிறுத்துவதை எல்லாரும் பேசுவார்கள், இருப்பதைப் பறக்கவிடாமல் காப்பதைச் சொல்பவர் குறைவு.

மூன்றாவது, ஆட்டுக்கிடை. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களில் இரவில் கிடை அமர்த்தும்போது, அதாவது ஆடுகளை அடைத்துவைக்கும்போது, கொட்டகை, குப்பைமேடு ஆகிய இரண்டு படிகளும் இல்லாமல் போகின்றன. புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணுக்குப் போகின்றன. கோடையில் வெடித்த நிலமாக இருந்தால் மூத்திரம் விரிசல் வழியே ஆழத்துக்கும் இறங்கும். இந்த வகையில் நம்மிடமுள்ள எருவிடும் முறைகளில் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. குறை ஒன்றுண்டு: பத்து இரவு கிடை மடக்கி வயல் முழுதும் முடிந்த பிறகு உழுகிறார்கள். முதல் இரவு கிடந்த இடம் பத்து நாள் வெயிலில் கிடக்கிறது. கிடை நகர்ந்த காலையிலேயே அந்தத் துண்டை மேலாகக் கிளறிவிட்டால் போதும். அதற்காக டிராக்டரைத் தினமும் வரச்சொல்ல முடியாதுதான், ஏர்மாடு உள்ளவருக்கு இது கால் மணி நேர வேலை.

இயற்கை வேளாண்மையில் சாணமும் மூத்திரமும் சேர்த்துத் தயாரிக்கும் கரைசல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜீவாமிர்தத்திலும் பஞ்சகவ்யத்திலும் சேரும் வெல்லமும் தயிரும் கரைசலைப் புளிக்க வைக்கின்றன. புளித்த கரைசலில் அம்மோனியா பறப்பது குறையும். டென்மார்க்கில் அமிலம் ஊற்றிச் செய்வதன் கொள்கையும் இதுவே. எனினும் 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் போவது 5 முதல் 10 லிட்டர் மூத்திரந்தான், அதிலுள்ள தழைச்சத்து 100 கிராமை எட்டினால் பெரிது. அந்தப் பத்து லிட்டரை மூடிபோட்ட பீப்பாயில் பதமாகக் காத்துக்கொண்டு, மீதியை வாய்க்காலில் விடுகிற பண்ணைகளை நான் பார்த்திருக்கிறேன். வேப்பம்புண்ணாக்கு கலந்தால் தழைச்சத்து வீணாகாது என்ற நம்பிக்கையும் இங்கே பாதிதான் பொருந்தும். வேம்பு தடுப்பது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் அடுத்த கட்டத்தை. அதற்கு முன் நடக்கும் ஆவியாதலை அது தடுப்பதில்லை. அம்மோனியம் மேல்மண்ணில் கூடுதல் நாள் நின்றால் இழப்பு சற்றே கூடவும் செய்யலாம். ஆகவே வேப்பம்புண்ணாக்குக் கலந்த எருவை மண்ணுக்குள் மூடுவது இன்னும் முக்கியமாகிறது.

இவ்வளவும் தெரிந்த செய்திதான் என்றால் ஏன் நடப்பதில்லை? விலைதான் முதல் காரணம். 45 கிலோ யூரியா மூட்டையின் மானிய விலை, வேம்புப் பூச்சும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய். ஒரு மாட்டின் ஓராண்டு மூத்திரத்தைக் காப்பாற்ற ஆகும் ஆள்கூலி அதைவிடப் பல மடங்கு. யூரியா வாங்கும் உழவரிடம் மிச்சம் பிடிக்கச் சொல்லிப் பயனில்லை; கணக்கு அவர் பக்கம் இருக்கிறது. யூரியாவைத் தொடாத இயற்கை உழவரின் கணக்கு வேறு. அவர் அதே தழைச்சத்தைக் கடலைப்புண்ணாக்காகவோ மண்புழு உரமாகவோ வாங்க வேண்டியிருப்பதால், கொட்டகைத் தரையில் போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் அவர் கொடுக்கும் விலை பெரிது. சட்டம் இரண்டாவது காரணம். 2009இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகளில் அம்மோனியாவுக்கு ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற வரம்பு இருக்கிறது. ஆனால் பண்ணை எருவை எப்படிச் சேமிக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகளைப்போல் கட்டாயப்படுத்தும் விதி இங்கில்லை. யூரியாவும் கால்நடையும் மிகுந்த கங்கைச் சமவெளி, உலகில் அம்மோனியா மிகச் செறிந்த பகுதிகளில் ஒன்றாகச் செயற்கைக்கோள் படங்களில் தெரிகிறது. அது கந்தக, நைட்ரஜன் புகைகளோடு சேர்ந்து நுண்துகளாகி, வட இந்தியாவின் பனிக்கால மூட்டத்தில் ஒரு பங்காகிறது.

ஒரு வேளை நாம் மூத்திரத்தைச் சேமித்து, கூளத்தில் பிணைத்து, குழியை மூடி, இட்ட அன்றே உழுது எல்லாவற்றையும் செய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது எருவில் முன்பைவிடத் தழைச்சத்து கூடியிருக்கும்; அதைக் கணக்கில் கழிக்காமல் மேலுரத்தை (பயிர் வளரும்போது இடும் உரத்தை) வழக்கம்போல் இட்டால், காற்றில் போகாமல் நின்றது நைட்ரேட்டாகி நீரோடு கீழே இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டு என்பது இந்தியத் தர வரம்பு. மணற்பாங்கான நிலத்தில் தோட்டத்துக் கிணறு அதைத் தொட நெடுநாள் ஆகாது. இரண்டு மாட்டின் எருவை முறையாகக் காத்து ஓர் ஏக்கருக்கு இட்டவர், அந்த ஏக்கருக்கான யூரியாவில் முதல் பருவத்திலேயே அரை மூட்டையைக் குறைத்துப் பார்க்கலாம். இலையின் பச்சை குறையாவிட்டால் அடுத்த பருவத்தில் ஒரு மூட்டை. நெல்லுக்கென்றால் இதற்கு இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை போதும்.